சோளக்காட்டில் கல்யாண ரீல்

அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான மறுவாரம் அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தாளாம், அப்படியே அஸ்தம்பட்டிக்கு ஒரு எட்டு வந்து மாமனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. நாமக்கல்லில் தையல்காரருக்கா பஞ்சம்? ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேள்வியை வாய்க்குள் வைத்துக்கொண்டு தவிக்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"மாமா, எங்கப்பா பேசறது எதுலயாச்சும் இருக்குமுங்களா? கேசட்டு கீசட்டு?"

அவள் அப்பா, என் மச்சான், ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிற ரிக் வண்டியோடு வருஷத்தில் பாதி நாள் வடக்கே போய்விடுகிறவர். அவளுக்கு இரண்டு வயது முடிவதற்குள் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். போட்டோக்கள் இருக்கின்றன. எல்லாப் போட்டோவிலும் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவரைப் போல விறைப்பாக நிற்பார். நேரில் ஆள் அப்படியே தலைகீழ். வாயைத் திறந்தால் சுற்றிலும் கூட்டம் கூடிவிடும். கேலி பேசியே ஆளைச் சாகடிப்பார். அதிகம் செத்தவன் நான்தான்.

"எல்லாரும் என்னைய உங்கப்பனாட்டவே பேசறேங்கறாங்க. அவரு எப்படிப் பேசுவாருன்னே எனக்குத் தெரியாதுங்க மாமா. மேடை ஏறறதுக்கு முன்னால ஒருக்கா கேட்டுப்போடோணும்."

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் டம்ளர் கையில் உருண்டுகொண்டே இருந்தது. எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அப்படி அடைத்துக்கொண்டால் மற்றவர்கள் பேசாமல் இருப்பார்கள். நான் வாக்குக் கொடுத்துவிடுவேன்.

"இருக்காதா பின்ன? எங்க கல்யாணக் கேசட்டுல பாதிப் படம் உங்கப்பன்தான் கண்ணு! நானே டிஸ்க்குல ஏத்தித் தாரேன். நீ போய்க் கல்யாண வேலையப் பாரு."

சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. என் மனைவி தலையை மட்டும் வெளியே நீட்டி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டு ஃபேனை நான் கழற்றிய அன்று பார்த்த அதே பார்வை.

"ஏனுங்க, டவுனுல கடையில குடுத்தா மாத்தித் தர மாட்டாங்களா?" என்று அவள் பிறகு கேட்டாள்.

"நம்ம கல்யாணத்த எவனோ ஒருத்தன் கையில குடுக்கறதா?" என்றேன். என்ன ரோஷம் பாருங்கள். அந்தக் கல்யாணத்தை நான் யார் கையில் கொடுத்தேன் என்பதுதான் இனிமேல் வரப்போகிற கதை.

பழைய எலக்ட்ரானிக் சாமான் விற்கிற கடை ஒன்றில் அந்தப் பெட்டி கிடைத்தது. ஒரு பக்கம் வீடியோ கேசட் போடுகிற வாய், மறு பக்கம் டிஸ்க் போடுகிற தட்டு. இதில் கேசட்டை ஓட விட்டால் அதில் டிஸ்க்காகப் பதிவாகும். கடைக்காரர் அதன் மேலிருந்த தூசியைத் தட்டும்போதே சொன்னார்: "இத இனி எவனும் வாங்க மாட்டான்னு நெனச்சுட்டு இருந்தனுங்க சார்." இதைக் கேட்டதும் புத்தியுள்ளவன் யோசித்திருப்பான். எனக்கோ பெருமையாக இருந்தது.

வீட்டிலிருந்த கேசட்டுகள் பெரிய கட்டைப்பை நிறைய இருந்தன. எங்கள் கல்யாணம், மகனுக்குக் காது குத்தியது, வீடு குடிபோனது, யாரென்றே தெரியாத ஒருவருடைய அறுபதாம் கல்யாணம். எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. ஸ்குரூவைக் கழற்றி, ஆமை ஓடு போலிருக்கிற பிளாஸ்டிக் ஓட்டைத் திறந்து, ரீலை எடுத்துப் பஞ்சால் துடைத்து மறுபடி மூடக் கற்றுக்கொண்டேன். முதல் நாளே காதுகுத்து கேசட்டை மிஷின் தின்றுவிட்டது. வயிற்றுக்குள் கையை விட்டு ரீலை முழம் முழமாக வெளியே இழுத்தேன். "புள்ளைக்கு அன்னைக்கு ஒருக்காத்தான் காது குத்துனாங்க. நீங்க ரெண்டாவது தடவ குத்தறீங்களா?" என்றாள் மனைவி.

மறுநாள் கல்யாணக் கேசட்டைப் போட்டு, பொத்தானை அழுத்தி, எதிரில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரக் கல்யாணத்தை ஏற்ற மூன்று மணி நேரம் ஆகும். குறுக்கு வழியே கிடையாது. முடிந்ததும் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தால் முதலிலிருந்து கடைசி வரை நீலத்திரை. பதிவு பண்ணும் பொத்தானை அழுத்தியவன், கேசட்டை ஓட விடும் பொத்தானை அழுத்தவில்லை. அப்படியானால் அத்தனை நேரம் டிவியில் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். தூங்கிவிட்டேன்.

அடுத்த தடவை ஒழுங்காக ஓடியது. ஆனால் பார்க்கத்தான் முடியவில்லை. எங்கள் காலத்து வீடியோக்காரர்களை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. ஒரு இடமாவது விட்டார்களா? என் முகம் ஆப்பிளுக்குள்ளிருந்து வருகிறது. மனைவியின் முகம் ரோஜாவிலிருந்து விரிகிறது. இரண்டு முகமும் தாமரை இலைமேல் மிதந்து போய் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. பின்னணியில் ஓயாமல் சினிமாப் பாட்டு. பந்தக்கால் நட்டால் ஒரு பாட்டு, பந்தியில் இலை போட்டால் ஒரு பாட்டு. கல்யாணத்தில் அன்று யார் என்ன பேசினார்கள், எந்தக் குழந்தை அழுதது, ஒன்றும் கிடையாது. எல்லாவற்றின் மேலும் பாட்டை ஊற்றி மெழுகிவிட்டார்கள்.

"இந்தப் பாட்டக் கேட்டுக் கேட்டு எனக்குக் காதே புளிச்சுப்போச்சு. அத நிறுத்தித் தொலைங்க" என்றாள் மனைவி. டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டேன். காதை மூடிக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, மச்சானைத் தேடினேன். ஒரு மனிதனின் குரலைத் தேடுகிற வேலையைச் சத்தத்தை அணைத்துவிட்டுச் செய்த இயற்பியல் வாத்தியார் இந்தச் சேலம் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மச்சான் மூன்று இடத்தில் வந்தார். வாசலில் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாரையும் கும்பிட்டு வரவேற்றார். பந்தியில் யாருக்கோ ரசம் ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். மாப்பிள்ளை அழைப்பில் என் காதுக்குள் ஏதோ சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். மூன்றிலும் வாய் அசைந்தது. எனக்கு அது போதுமென்று தோன்றியது. வாய் அசைந்தால் பேச்சு இருக்கும்தானே?

இதற்கிடையில் இன்னொரு சிக்கல். நல்ல தரத்தில் பதிவு பண்ணினால் ஒரு டிஸ்க்கில் இரண்டு மணி நேரம்தான் பிடிக்கும். தரத்தைக் குறைத்தால் முழுக் கல்யாணமும் அடங்கும். ஆனால் தரத்தில் நான் விட்டுக்கொடுப்பேனா? ஆகவே வேண்டாத இடம் வரும்போதெல்லாம் பதிவை நிறுத்தி நிறுத்தி வெட்டினேன். அப்படி வெட்டியதில் பெரிய துண்டு, வாழ்த்துப் பாடுகிற இடம்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டி முடித்ததும் ஒரு பெரியவர் மேடையில் நின்று மணமக்களை வாழ்த்திப் பாடுவார். ஒரு வரி பாடி நிறுத்துவார், மேளம் ஒரு தட்டு தட்டும், அடுத்த வரி. அது பாட்டுக்கு நீண்டு போகும். கேமராவும் நகராமல் அப்படியே நின்றுவிட்டது. நான், மனைவி, எனக்கு இணைச்சீர் செய்த அக்கா, மூன்று பேரும் மேடையில் வரிசையாக. மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் பட்டுப் புடவையில் கூடவே நின்று செய்கிற சடங்குதான் இணைச்சீர். அது முடிந்தும் அக்கா என் பக்கத்திலேயேதான் இருந்தாள். மச்சானைப் படத்தில் எங்கேயும் காணோம். சத்தமில்லாமல் பார்த்தால், மூன்று பேர் எதற்கோ காத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. 'இதை யார் பார்க்கப்போகிறார்கள்?' என்று நிறுத்தும் பொத்தானை அமுக்கினேன். சாப்பாட்டுப் பந்தி வந்த பிறகுதான் பதிவை மறுபடி ஓட விட்டேன்.

டிஸ்க் தயார். கேசட்டை அப்படியே வெளியே உருவி மேஜைமேல் போட்டேன். கேசட்டை முதலுக்குச் சுற்றி வைக்கிற வழக்கம் என்னிடம் எப்போதும் இருந்ததில்லை. கல்யாணமான புதிதில் வாடகைக்குப் படக் கேசட் எடுத்துவந்த நாளிலிருந்தே இதற்கு வசவு வாங்கிக்கொண்டிருக்கிறேன். "சுத்தி வெச்சா கை தேஞ்சா போயிரும்?" என்று அன்றைக்கும் கேட்டாள். தேயாதுதான். அதுவே சுற்றும், பொத்தானை அமுக்கினால் போதும். அதற்கும் சோம்பல்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் பெரியப்பா மகன். எனக்கு அண்ணன் முறை. ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் சோளம் போட்டிருக்கிறார். மேஜைமேல் கிடந்த கேசட்டுகளைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது.

"டேய் தம்பி, இது ஊட்டுல சும்மாவா கெடக்குது? கருது பால் புடிக்கற நேரம்டா. கிளியும் மைனாவும் கூட்டங்கூட்டமா எறங்குது. இந்த ரீலக் காட்டுக்குக் குறுக்கால கட்டுனா ஒண்ணு அண்டாது."

ஊர்ப் பக்கம் இது எல்லோரும் செய்கிற காரியம்தான். குச்சிக்குக் குச்சி ரீலை இழுத்துக் கட்டிவிட்டால் காற்றில் ஙொய்யென்று அதிரும், வெயிலில் பளபளக்கும், குருவி கிளி கிட்டே வராது. பாட்டுக் கேசட்டுகளெல்லாம் எப்போதோ காட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. நான் பையை அப்படியே தூக்கிக் கொடுத்தேன். சும்மா கொடுத்தேனா? இழுத்துக் கட்டிய நாடா காற்றில் ஏன் அதிர்கிறது என்று அவருக்குப் பாடம் வேறு நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேசட் கிடைக்கிறதே.

"எல்லாத்தையும் குடுத்துப்போட்டீங்களா?" என்றாள் மனைவி.

"டிஸ்க்குதான் இருக்குதே. சாகறவரைக்கும் கெடாது" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை டிஸ்க்கோடு நாமக்கல் போனோம். மருமகள், அதாவது அந்த அக்கா மகள், டிஸ்க்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். புரட்டிப் பார்த்தாள். தன் லேப்டாப்பையும் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"மாமா, இதுல டிஸ்க்குப் போடற எடமே இல்லீங்களே."

எனக்குத் தெரியாதா? மிஷினையே காரில் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். அக்கா வீட்டு டிவியில் மாட்டி, எல்லோரையும் உட்கார வைத்து, தியேட்டர்காரன் மாதிரி ஜன்னல் திரையையெல்லாம் இழுத்துவிட்டு, போட்டேன்.

மச்சான் வாசலில் நின்று கும்பிட்டார். வாய் அசைந்தது. சினிமாப் பாட்டு கேட்டது. பந்தியில் கையைக் காட்டினார். சினிமாப் பாட்டு. என் காதுக்குள் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார். அதற்கும் சினிமாப் பாட்டு, அதுவும் காதல் பாட்டு.

மருமகள் டிவிக்குக் கிட்டத்தில் போய் உட்கார்ந்தாள். அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னாள். மறுபடி போட்டேன். காதைத் திரைப் பக்கம் கொண்டுபோனாள்.

"வாய் அசையுதுங்க மாமா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பரவால்லீங்க. நடந்து வாரதாச்சும் பாத்தனே" என்றாள்.

அந்தப் 'பரவால்லீங்க' இருக்கிறதே, அதைவிட அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்த குரங்குக்குப் பாட்டு வேறு. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காதான் பேசினாள். "ஏன்டா, வாழ்த்துக்குப் பாட்டுப் போடலியே? வாழ்த்து மேல சினிமாப் பாட்டப் போட்டீன்னா கேமராவப் புடுங்கிக் கெணத்துல போட்டுப்போடுவேன்னு நம்ம அப்பா அந்த வீடியோக்காரனச் சத்தம் போட்டாங்களே, மறந்துட்டயா? அங்க மட்டும் அன்னைக்கு மண்டபத்துல கேட்ட சத்தம் அப்படியே இருக்கும்டா. அதப் போடு. உங்க மச்சான் எங்கியாச்சும் பேசிட்டுத்தான் இருந்திருப்பாரு. அவரு என்னைக்குச் சும்மா இருந்தாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி மட்டும் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அது... வந்து... அந்த எடத்த வெட்டிட்டேன்" என்றேன்.

"கேசட்டு இருக்குதில்ல?"

"சோளக்காட்டுல இருக்குது."

அக்கா பெருமூச்சு விட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. "உங்க மச்சான் இருந்திருந்தா இத வெச்சே உன்னைய அஞ்சு வருசம் ஓட்டியிருப்பாரு" என்றாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. காட்டில் வேலை செய்கிறவர் போனை மோட்டார் ரூமில் வைத்துவிடுவார். காரை எடுத்தேன். மனைவி முன்னால் ஏறினாள், மருமகள் பின்னால். ஆட்டையாம்பட்டிக்கு விரட்டினேன். நடுவில் ஒருமுறை மருமகள், "மாமா, மெதுவாவே போங்க. நீங்களும் போட்டோவாயிராதீங்க" என்றாள். அப்பன் பேச்சு அப்படியேதான். கியரைக் குறைத்தேன்.

வரப்பில் இறங்கும்போதே கேட்டுவிட்டது. ஙொய்யென்று காடு முழுக்க ஒரே இரைச்சல். சோளக்கருதுக்கு மேலே கறுப்புக் கறுப்பாக ரீல் இழுத்துக் கட்டியிருந்ததில், வெயிலில் கண் கூசியது. அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே எதிரில் வந்தார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"வாடா தம்பி! உங்க கல்யாணம் நல்லா வேலை செய்யுது. ஒரு கிளி எறங்கல பாரு!"

"அண்ணா, அந்தக் கல்யாணக் கேசட்டயா கட்டுனீங்க?"

"அதுதான் குண்டா இருந்துச்சு. கல்லால ஒரு தட்டு தட்டி ஓட்ட ஒடச்சேன். ரீலு உருண்டையா அப்படியே கையில வந்துருச்சு. குச்சியச் சொருவிக்கிட்டு நடந்தா தானா உருவுது. ஏன், என்ன ஆச்சு?"

மருமகள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் காட்டைப் பார்த்தபடி நின்றேன். எங்கள் கல்யாணம் கிழக்குமேற்காக அடித்துக்கொண்டு கிடந்தது. எந்த வரிசையில் என் மச்சான் இருக்கிறார்? அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமாகவே அழுதேன். தலை நரைத்தவன் சோளக்காட்டில் நின்று அழுவதைப் பார்த்து அண்ணன் பயந்துபோனார்.

"எல்லாத்தையுமா கட்டிப்போட்டீங்க?" என்று கேட்டவள் என் மனைவி. கேட்க வேண்டியதைக் கேட்கிற புத்தி எங்கள் வீட்டில் ஒருத்திக்குத்தான்.

"இல்ல அம்மிணி. சோத்துக்குக் கூப்புட்டாங்கன்னு பாதியில உட்டுட்டேன். மிச்சம் மோட்டார் ரூமுல ஆணியில மாட்டியிருக்கறேன்."

ஓடினோம். ஆணியில் மாட்டியிருந்தது, பாதி இளைத்துப்போன ரீல் உருண்டை. அதைக் கையில் வாங்கியதும் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. நான் கேசட்டைச் சுற்றி வைக்கவில்லை! முதலுக்குச் சுற்றி வைத்திருந்தால் அண்ணன் மாப்பிள்ளை அழைப்பிலிருந்து தாலி, வாழ்த்து என்று வரிசையாக உருவிக் காட்டில் கட்டியிருப்பார். கடைசியில் நிறுத்தியதை அப்படியே எடுத்ததால் கல்யாணம் கடைசியிலிருந்து உருவி வந்திருக்கிறது. காட்டில் கிடப்பதெல்லாம் பரிசு கொடுக்க வரிசையில் நின்றவர்களும், பந்தியில் சாப்பிட்டவர்களும்தான். கிளிகளை விரட்டிக்கொண்டிருப்பது, ஆறு பேரோடு நின்று பல்லைக் காட்டுகிற என் முகம்.

இதைச் சொன்னதும் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க சோம்பேறித்தனத்துக்கு ஒரு கோயிலே கட்டலாமுங்க" என்றாள். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் வாழ்த்து எந்தப் பக்கம்? உருவினதிலா, மிச்சத்திலா? அது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அண்ணன் உடைக்காமல் வைத்திருந்த கேசட்டுகளில் ஒன்றை வாங்கிக்கொண்டோம். அந்த யாரோ ஒருவருடைய அறுபதாம் கல்யாணம். நாமக்கல் திரும்பி வந்து, அக்கா வீட்டுக் கூடத்தில் பழைய வேட்டியை விரித்து, அந்தக் கேசட்டின் ஓட்டைக் கழற்றி, அவர்களுடைய ரீலை எடுத்துவிட்டு எங்களுடையதைப் பொருத்தினேன். அறுந்த முனையை மறுபக்கச் சக்கரத்தில் மாட்டி மூடினேன். ஒரு ஸ்குரூ உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. 'போகட்டும், நாலு போதும்' என்றேன். வாழ்நாளில் நான் தரத்தில் விட்டுக்கொடுத்தது அன்றுதான்.

மிஷினுக்குள் போட்டு முதலுக்குச் சுற்றவிட்டேன். எல்லோரும் அந்தச் சர்ர்ரென்ற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு டிவி சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்து ஓட விட்டேன். இந்தத் தடவை பதிவு பண்ணும் பொத்தானையும் அமுக்கினேனா என்று மனைவி கிட்டே வந்து பார்த்துவிட்டுப் போனாள். ஆப்பிள் வந்தது, ரோஜா வந்தது, தாமரை இலை வந்தது. பாட்டு, பாட்டு, பாட்டு. தாலி கட்டினேன். அட்சதை விழுந்தது. சட்டென்று பாட்டு நின்றது.

மண்டபத்துச் சத்தம். நாற்காலி இழுபடுகிறது, யாரோ இருமுகிறார்கள், பெரியவர் வாழ்த்தில் ஒரு வரி பாடுகிறார், மேளம் ஒரு தட்டு. மேடையில் நாங்கள் மூன்று பேர். மச்சானைக் காணோம். அடுத்த வரி. மேளம். அடுத்த வரி. எந்த நொடியில் ரீல் அறுந்து திரை நீலமாகும் என்று தெரியாது.

ஒரு குழந்தை வீறிட்டது. மிகவும் கிட்டத்தில், கேமராவுக்குப் பக்கத்திலேயே.

"நீதான்!" என்றாள் அக்கா. "நான் இணைச்சீருல நின்னனே, உன்னைய அவருதான வெச்சிருந்தாரு!"

பெரியவரின் குரலை அமுக்கிக்கொண்டு, டிவியிலிருந்து அந்தக் குரல் வந்தது. கரகரப்பாக, அவசரமே இல்லாமல்.

"ஏஞ்சாமி அழுவற? ம்? அம்மா அங்க நிக்கறா பாரு. அதா, மாமனப் பாரு. எப்படி முழிக்கறான் பாரு, ஆடு திருடி மாட்டுனவனாட்ட... சிரிச்சுட்டயா? சிரி சிரி. பெருசானீன்னா உனக்கும் இப்படி நிக்கோணும். அப்பவும் அழுவக்கூடாது, என்ன? மாமனப் பாத்துக்கோ, சிரிப்பு தானா வரும்."

மேளம் ஒரு தட்டு. குழந்தை களுக்கென்று சிரித்தது. திரையில் கழுத்து நிறைய மாலையோடு, நான் நிஜமாகவே ஆடு திருடி மாட்டினவனைப் போல முழித்துக்கொண்டு நின்றேன். பெரியவர் அடுத்த வரியை ஆரம்பித்தார். அதற்குள் படம் இழுத்து, கோடு கோடாகி, நீலமாகிவிட்டது. அண்ணனைச் சோற்றுக்குக் கூப்பிட்ட புண்ணியவதிக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவன்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மருமகள் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "மறுபடி போடுங்க மாமா" என்றாள். போட்டேன். போனில் பதிவு பண்ணிக்கொண்டாள். பிறகு, "மறுபடி" என்றாள். ஒவ்வொரு தடவையும் ஆடு திருடியவன் வரும் இடத்தில் சிரித்து, 'அழுவக்கூடாது' என்கிற இடத்தில் அழுதாள். நான் அன்று எத்தனை தடவை ஆடு திருடினேன் என்று கணக்கில்லை.

கல்யாணத்தன்று தாலி ஏறியது. வாழ்த்துப் பாட ஆரம்பித்தார்கள். ஒரு வரி, மேளம் ஒரு தட்டு. இரண்டாவது வரியிலேயே மருமகளின் உதடு துடிக்க ஆரம்பித்துவிட்டது. நெற்றிச்சுட்டி ஆடியது. தலையைக் குனிந்துகொண்டாள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

தாய்மாமன் என்று எனக்கு மேடையில் இடம் உண்டு, தலையில் உருமால் உண்டு, பட்டு வேட்டி உண்டு. எல்லாவற்றோடும் கீழே இறங்கி, கேமராக்காரருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "சாமி, இங்க பாரு" என்றேன். அவள் நிமிர்ந்தாள். ஊர் பார்க்க, ஒறம்பரை பார்க்க, சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் பார்க்க, நான் ஆடு திருடி மாட்டினவனைப் போல முழித்தேன்.

அவள் சிரித்துவிட்டாள்.